தென்பெண்ணையும் உச்ச நீதிமன்றத்தின் வாசலும்

(ஓசூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இவ்வுரையின் பொருள், கூட்டாட்சி நாடொன்றில் இரு மாநிலங்களுக்கு இடையே ஆற்றுநீர் வழக்கு எழும்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதாகும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற அமைப்பு இங்கே ஒப்புநோக்கிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆய்வுக்குரிய வழக்கு தென்பெண்ணை வழக்கு. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று, பெங்களூருவின் கிழக்குப் புறத்தைத் தொட்டு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆறு, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. எல்லைக்கு அப்பால் ஓர் ஏரியிலோ கால்வாயிலோ நிகழும் மாற்றத்தை முதலில் உணர்வது ஓசூர்தான்.

இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. ஒரு நீதிமன்றத்தின் வலிமையை அது வழங்கும் தீர்ப்பைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அதன் வாசலைத் திறக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்களின் ஆற்று வழக்குக்கு வாசலைத் திறப்பதும் மறுப்பதும் உச்ச நீதிமன்றமே. இந்தியாவில் அந்தச் சாவி ஒன்றிய அரசிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நீர் கீழ்நோக்கி வருவதால், வாசல் மூடியிருக்கும் ஒவ்வோர் ஆண்டின் இழப்பும் கீழ்ப்பகுதி மாநிலத்தின் மேல்தான் விழுகிறது.

1. இரட்டை அமைப்பும் ஒற்றை அமைப்பும்

அமெரிக்க அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு ஒரே ஓர் உச்ச நீதிமன்றத்தை மட்டுமே பெயர் சொல்லி நிறுவியது; அதற்குக் கீழே எத்தனை நீதிமன்றங்கள் வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நாடாளுமன்றமாகிய காங்கிரசுக்கு விடப்பட்டது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் தொடங்கி வளர்ந்த அந்த அமைப்பில் இன்று 94 கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களும், அவற்றின் மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், உச்சியில் 1869 முதல் ஒன்பது என்ற எண்ணிக்கையிலேயே நீடிக்கும் நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றமும் உள்ளன. இவற்றுக்குப் பக்கத்தில், இவற்றிலிருந்து தனித்து, ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்த நீதிமன்ற வரிசையை வைத்திருக்கிறது. இரண்டு ஏணிகள் அருகருகே நிற்கும் அமைப்பு என்று இதைச் சொல்லலாம்.

இந்தியாவில் ஏணி ஒன்றுதான். ஓசூர் உரிமையியல் நீதிமன்றத்தில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படியும் வழக்கு நடக்கிறது, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய சட்டப்படியும் வழக்கு நடக்கிறது; இரண்டும் மேலேறிச் செல்வது சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு டெல்லிக்கும்தான். ஓசூர் வணிகர் ஒருவருக்கு ஆனேக்கல் வணிகர் சரக்குப் பணம் தராவிட்டால், பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ வழக்குமூலம் எழுந்த இடத்திலோ உள்ள சாதாரண நீதிமன்றத்தில் பிராது கொடுத்தால் போதும். அமெரிக்காவில் அத்தகைய இரு மாநிலத்தார் வழக்கு, தொகை 75 ஆயிரம் டாலரைத் தாண்டினால், கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் செல்ல வழி உண்டு. ஒரு மாநிலத்தின் நீதிமன்றம் தன் ஊராருக்கே சாய்ந்துவிடுமோ என்ற அச்சத்தை அந்நாட்டின் அமைப்பு தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. தனிமனிதர் வழக்கிலேயே இந்த எச்சரிக்கை என்றால், மாநிலமே வாதியாகவும் மாநிலமே பிரதிவாதியாகவும் நிற்கும் வழக்கைக் கீழ் நீதிமன்றம் எதனிடமும் விட முடியாது என்பது எளிதில் விளங்கும்.

2. மாநிலங்கள் நேரே ஏறும் படி

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அன்றாட வேலை மேல்முறையீட்டைச் சார்ந்தது. அதிலும் 1925ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு எந்த வழக்கைக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் நீதிமன்றமே தெரிவு செய்கிறது. ஒன்பது பேரில் நால்வர் இசைந்தால் வழக்கு ஏற்கப்படும் என்பது அங்கே நிலைபெற்ற வழக்கம். ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 வழக்குகளில் மட்டுமே முழுமையான வாதம் நிகழ்கிறது. ஏற்ற வழக்கை ஒன்பது பேரும் சேர்ந்தே கேட்கிறார்கள். 34 நீதிபதிகளைக் கொண்ட இந்திய உச்ச நீதிமன்றத்தைப் போல இருவர், மூவர் அமர்வுகளாகப் பிரிவதில்லை.

இந்த மேல்முறையீட்டு வேலைக்கு வெளியே அந்நீதிமன்றத்துக்கு முதல்நிலை அதிகார வரம்பு என்று ஒன்று உண்டு. கீழ் நீதிமன்றம் எதையும் தொடாமல், பிராது நேரே உச்ச நீதிமன்றத்திலேயே தாக்கலாகி அங்கேயே முதலும் முடிவுமாக விசாரிக்கப்படுவது என்பது இதன் பொருள். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் இந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. சாட்சியம் கேட்கும் வசதி உச்ச நீதிமன்றத்துக்கு இல்லையாதலால், ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும் சிறப்பு விசாரணையாளர் ஒருவரை அது நியமிக்கிறது. வழக்கறிஞராகவோ ஓய்வு பெற்ற நீதிபதியாகவோ இருக்கும் அவர், பொறியாளர்களையும் நீரியல் அறிஞர்களையும் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தி, உண்மை நிலவரம் இதுவென்று அறிக்கை எழுதுவார். மாநிலங்கள் அதற்கு எதிர்ப்புரை தாக்கல் செய்யும். ஒன்பது நீதிபதிகள் இறுதியாக முடிவெடுப்பர்.

ஆர்கன்சாஸ் ஆற்று நீரை மேற்பகுதி மாநிலமாகிய கொலராடோ எடுத்துக்கொள்கிறது என்று கான்சஸ் தொடுத்த வழக்கில் 1907இல் வந்த தீர்ப்பு, இந்தத் துறைக்கே அடித்தளம். மேற்பகுதி மாநிலத்துக்கு முழு உரிமை என்பதையும், கீழ்ப்பகுதி மாநிலத்துக்கு இயற்கை ஓட்டம் ஒரு சொட்டும் குறையாமல் வர வேண்டும் என்பதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இரு மாநிலங்களும் சமமானவை, நன்மை தீமைகளைச் சீர்தூக்கியே பங்கிட வேண்டும் என்ற நியாயப் பங்கீட்டுக் கோட்பாட்டை அது வகுத்தது. கான்சஸ் அந்த வழக்கில் தோற்றது. ஆனால் பாதிப்பு கூடினால் மீண்டும் வரலாம் என்ற உரிமையோடு தோற்றது. 1949இல் இரு மாநிலங்களும் ஆற்று உடன்படிக்கை செய்துகொண்டன. அதை மீறிக் கொலராடோ விவசாயிகள் கிணறுகளில் நீர் இறைக்கிறார்கள் என்று 1985இல் கான்சஸ் மறுபடி வந்தது. 1995இல் மீறல் நிறுவப்பட்டது. முடிவில் கொலராடோ 3.4 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தியது. ஆற்றங்கரைக் கிணறும் ஆறுதான் என்பதைப் பணமாகக் கணக்கிட்டு ஒரு நீதிமன்றம் சொன்ன அரிய சந்தர்ப்பம் அது.

அமெரிக்க முறை விரைவானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கொலராடோ ஆற்று நீருக்காக அரிசோனா 1952இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வர 1963 ஆயிற்று. ரியோ கிராண்டே ஆறு தொடர்பான டெக்சாஸ், நியூ மெக்சிகோ வழக்கில் மாநிலங்கள் தமக்குள் எட்டிய சமரசத்தை, கூட்டாட்சி அரசு இசையவில்லை என்ற காரணத்தால் 2024இல் நீதிமன்றமே ஏற்க மறுத்தது. பிராது தாக்கல் செய்ய அனுமதி மறுக்கும் அதிகாரத்தையும் அந்நீதிமன்றம் தன்னிடம் வைத்திருக்கிறது. 2016இல் நெப்ராஸ்காவும் ஓக்லஹாமாவும் கொலராடோவுக்கு எதிராகக் கொண்டுவந்த வழக்கு அப்படித் திருப்பி அனுப்பப்பட்டது. ஆயினும் மறுப்பு நீதிமன்றத்தின் ஆணையாகவே வருகிறது. அதற்கு மாறுபட்ட நீதிபதிகளின் கருத்தும் பதிவாகிறது. ஆகவே வாசல் மூடப்பட்டது என்றும், மூடியவர் இன்னார் என்றும் நாடு அறிய முடிகிறது.

3. கோட்பாடு வந்தது, வாசல் வரவில்லை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் உறுப்பை மட்டும் படிப்பவர், இந்தியாவும் அமெரிக்க வழியிலேயே சென்றது என்று எண்ணுவர். மாநிலங்களுக்கு இடையிலான சட்ட உரிமை வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியவை என்று அவ்வுறுப்பு கூறுகிறது. ஆனால் 262ஆம் உறுப்பு, ஆற்றுநீர் வழக்குகளை அந்த வரம்பிலிருந்து விலக்கிவைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர்ப் பூசல்கள் சட்டம் தன் 11ஆம் பிரிவின் வழி அந்த விலக்கைச் செயல்படுத்தி, பூசலை ஒன்றிய அரசு அமைக்கும் நடுவர் மன்றத்திடம் விட்டது.

இந்த விலக்கின் வேர் விடுதலைக்கு முந்தையது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் 1937இல் செயல்படத் தொடங்கிய கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றைத் தந்தது. ஆனால் மாகாணங்களின் ஆற்றுநீர் முறையீட்டை அந்நீதிமன்றம் தொடக் கூடாது என்று 133ஆம் பிரிவில் தடுத்துவிட்டு, கவர்னர் ஜெனரலிடம் முறையிட வேண்டும், அவர் குழு ஒன்றை அமைப்பார் என்று வகுத்தது. அவ்வாறு அமைந்த ஒரு குழுவே, பஞ்சாபுக்கு எதிராகச் சிந்து மாகாணம் முறையிட்டபோது 1941இல் நியமிக்கப்பட்ட சிந்து நதிக் குழு. அதன் தலைவர் பெனகல் நரசிங்க ராவ், பிற்காலத்தில் அரசமைப்பு நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராக விளங்கியவர். அக்குழு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆற்று வழக்குகளைக் கற்று, நியாயப் பங்கீட்டுக் கோட்பாட்டையே தனக்கு வழிகாட்டியாகக் கொண்டது.

அமெரிக்க நீதிமன்றம் கண்ட கோட்பாடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அக்கோட்பாட்டைத் தேடி ஒரு மாநிலம் தானாகவே நுழையக்கூடிய வாசல் வந்து சேரவில்லை. கவர்னர் ஜெனரல் நின்ற இடத்தில் ஒன்றிய அரசு நிற்கிறது என்பதைத் தவிர, வாசல் அமைப்பில் 1935க்கும் 1956க்கும் இடையே பெரிய மாற்றம் இல்லை. பேரரசின் பிரதிநிதி மாகாணங்களின் வழக்கில் நடுநிலை வகித்திருக்கக்கூடும். மாநிலங்களிலும் நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வாக்குத் தேடும் கட்சிகள் அமைக்கும் ஓர் அரசிடம் அதே நடுநிலையை எதிர்பார்ப்பது, அந்த அரசு எக்கட்சியுடையதாயினும், நியாயமான எதிர்பார்ப்பு ஆகாது.

காவிரி வழக்கு இதற்குப் பழைய சான்று. நடுவர் மன்றம் வேண்டும் என்று தமிழ்நாடு 1986இல் கோரியது. விவசாயிகள் சங்கம் ஒன்றின் மனுவில் 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அது ஜூன் 2ஆம் நாள் அமைக்கப்பட்டது. 2007இல் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பும், தடைப்பிரிவு இருந்தும் 136ஆம் உறுப்பின்படி மேல்முறையீடு செல்லும் என்று 2016இல் தீர்மானிக்கப்பட்ட பின், 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தால் திருத்தப்பட்டு, பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்ற அளவில் நிலைபெற்றது. ஆக, முன்வாசலில் தடுக்கப்பட்ட உச்ச நீதிமன்றம் பின்வாசல் வழியாக வந்தே தீர்ந்தது. இடையில் போன ஆண்டுகளைக் கடைமடை விவசாயிக்குத் திருப்பித் தர யாராலும் இயலவில்லை.

4. தென்பெண்ணை வழக்கு

மைசூர் சமஸ்தானமும் சென்னை அரசும் 1892 பிப்ரவரி 18ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கை, பட்டியலிட்ட ஆறுகளில் சென்னை அரசைக் கலக்காமல் மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டக் கூடாது என்று கூறுகிறது. தென்பெண்ணை அப்பட்டியலில் உள்ளது. காவிரி வழக்கின் 2018 தீர்ப்பில், ஆங்கிலேயர் காலத்து உடன்படிக்கை என்ற ஒரே காரணத்தால் அது செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், இந்தத் தாள் இன்றும் உயிருள்ள தாள்.

தென்பெண்ணையின் துணையாறாகிய மார்க்கண்டேய நதி, கோலார் மாவட்டத்திலிருந்து வந்து கிருஷ்ணகிரி அணைப் பகுதியில் சேர்கிறது. பங்காருப்பேட்டை வட்டம் யார்கோளில் அதன் குறுக்கே கோலார், மாலூர், பங்காருப்பேட்டை நகரங்களின் குடிநீருக்காகக் கர்நாடகம் அணை கட்டியது. அணையின் கொள்ளளவு ஏறத்தாழ அரை டி.எம்.சி. கோலார் வறண்ட பூமி. அங்குள்ள தாய்மார்களின் தண்ணீர்க் குடமும் நியாயத் தராசில் ஒரு தட்டில் வைக்கப்பட வேண்டியதே. மறு தட்டில், கிருஷ்ணகிரி அணையின் கீழ் சுமார் 9 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டும், அதற்குக் கீழே சாத்தனூர் வரை நீளும் பாசனமும் உள்ளன. இந்த இரண்டையும் நிறுத்துப் பார்க்க ஒரு மன்றம் வேண்டும் என்பதே தமிழ்நாட்டின் கோரிக்கையின் சாரம்.

தமிழ்நாடு 131ஆம் உறுப்பின்படி 2018ஆம் ஆண்டின் முதல் எண் மூல வழக்காகத் தன் பிராதை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. அணைப் பணியை நிறுத்தக் கோரிய இடைக்கால மனுவை 2019 நவம்பர் 14ஆம் நாள் நீதிபதிகள் யு.யு. லலித், வினீத் சரண் அமர்வு தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் அமைக்குமாறு நான்கு வாரங்களுக்குள் ஒன்றிய அரசிடம் கோரலாம் என்று கூறியது. அம்மாத இறுதியிலேயே தமிழ்நாடு கோரிக்கை அனுப்பியது. 2020 ஜனவரியில் அமைந்தது பேச்சுவார்த்தைக் குழு.

இங்கே சட்டத்தின் 4ஆம் பிரிவை உற்றுநோக்க வேண்டும். பேச்சுவார்த்தையால் பூசல் தீராது என்று ஒன்றிய அரசு ‘கருதினால்’ நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். கோரிக்கை கிடைத்த ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் திருத்தம் காலவரம்பு விதித்தது. ஆனால் அந்தக் ‘கருத்து’ உருவாகாமலே ஓராண்டு கடந்துவிட்டால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்பவர் மீண்டும் நீதிமன்றம் செல்ல வேண்டும். நீதிமன்றம் ஒன்றிய அரசைக் கேட்கும். ஒன்றிய அரசு வாய்தா கேட்கும். 2022 டிசம்பரில், நான்கு வாரங்களுக்குள் நடுவர் மன்றம் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறிய பிறகும், கர்நாடகம் பேசத் தயார் என்று முன்வந்ததை ஒட்டி 2024இல் புதிய பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்பட்டது. பேச்சுவார்த்தை நல்லதே. ஆனால் பேச்சு நடக்கும் காலத்தில் மேற்பகுதியில் கட்டுமானம் நிற்காது. கீழ்ப்பகுதி மட்டும் காத்திருக்கும். 1907இல் கான்சஸ் தோற்றபோதுகூட, அதன் சாட்சிகளைக் கேட்ட பிறகுதான் தோற்றது. தென்பெண்ணை வழக்கில் ஒரு பொறியாளரையும் ஒரு விவசாயியையும் கூண்டிலேற்றிக் கேட்க ஒரு மன்றம் அமைவதற்கு முன்பே ஆண்டுகள் ஓடின.

5. நுரையும் சாட்சியமும்

கெலவரப்பள்ளி அணை 44.28 அடி உயரம் உடையது. மேற்பகுதியில் மழை பெய்து மதகுகள் திறக்கப்படும் நாட்களில், மதகின் கீழே விழும் நீர் வெண்மையான நுரையாகத் திரண்டு, ஆற்றின் முழு அகலத்தையும் மூடி, அணைக்குக் கீழுள்ள தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு ஏறி நிற்பதை இந்த அவையில் பாதிப்பேர் கண்ணால் கண்டிருப்பர். காற்று அடித்தால் கட்டிகட்டியாகப் பிய்ந்து தக்காளித் தோட்டத்தில் போய் விழும். நாற்றம் ஊருக்குள் வரும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே பெங்களூருவின் கழிவுநீர் தென்பெண்ணையில் இறங்குவது இதன் முதன்மைக் காரணம். அதே கழிவுநீரில் ஒரு பங்கைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குக் கர்நாடகம் இறைத்துச் செல்வதால், வரும் நீரின் அளவும் இன்று பூசலுக்குரிய பொருளாகியிருக்கிறது.

1956ஆம் ஆண்டின் சட்டம் நீரின் பயன்பாடு, பங்கீடு, கட்டுப்பாடு ஆகியவற்றைப் பேசுகிறது. நீரின் தூய்மையை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு இடையிலான பூசலைத் தீர்க்கும் வேலையை 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் மத்திய வாரியத்திடம் தந்தது. ஆக, ஒரே ஆற்றின் அளவு ஒரு வாசலுக்கும் அழுக்கு வேறொரு வாசலுக்கும் செல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நேரான அமெரிக்க வழக்கு ஒன்று உண்டு. சிகாகோ நகரம் 1900இல் கால்வாய் வெட்டித் தன் கழிவுநீரை மிசிசிப்பி ஆற்றை நோக்கித் திருப்பியபோது, கீழே உள்ள செயின்ட் லூயிஸ் நகரில் டைபாய்டு பரவுகிறது என்று மிசூரி மாநிலம் இல்லினாய்சுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது. ஆற்றை அசுத்தப்படுத்துவதும் மாநிலங்களுக்கு இடையிலான வழக்காகும் என்று நீதிமன்றம் 1901இல் ஏற்றது. சிகாகோவின் கிருமி செயின்ட் லூயிஸ் வரை உயிரோடு வருமா என்று அறிய, தீங்கற்ற கிருமி வகையொன்றை 107 பீப்பாய் அளவுக்குக் கால்வாயில் கொட்டிக் கீழே தேடிப் பார்த்த சோதனைகூட அவ்வழக்கின் சாட்சியத்தில் உள்ளது. இத்தனைக்குப் பிறகும் 1906இல் மிசூரி தோற்றது. பாதிப்பு தெளிவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் நிறுவப்படவில்லை என்பதும், மிசூரியின் சொந்த நகரங்களும் அதே ஆற்றில் கழிவைக் கொட்டுகின்றன என்பதும் காரணங்கள்.

இந்தத் தீர்ப்பை ஓசூரும் கிருஷ்ணகிரியும் பலமுறை படிக்க வேண்டும். கொடியாளத்தில் நாள்தோறும் எவ்வளவு நீர் வந்தது, எந்தத் தரத்தில் வந்தது என்ற பதிவேடு வழக்கறிஞரின் சொல்வன்மையைவிடப் பெரிய ஆயுதம். எல்லைக்கு இப்பால் தொழிற்பேட்டைகளும் நகரங்களும் ஆற்றில் சேர்க்கும் கழிவை நிறுத்தாமல், எல்லைக்கு அப்பாலுள்ளவரைக் குற்றம் சாட்டும் மனு பாதி வலுவிழந்த மனுவாகவே மன்றத்தை அடையும்.

6. வேண்டிய திருத்தம்

ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனி மன்றம் என்பதை விட்டு ஒரே நிரந்தர நடுவர் மன்றம் அமைக்கும் மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது; மாநிலங்களவையில் நிறைவேறாமல், மக்களவை 2024இல் கலைந்தபோது காலாவதியாயிற்று. அந்த மசோதாவின் குறை நிறைகளைத் தனியே விவாதிக்கலாம். தென்பெண்ணைக்கு வேண்டியது அதைவிடச் சிறியது. 4ஆம் பிரிவில் ஒன்றிய அரசு ‘கருதினால்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, கோரிக்கை தரப்பட்ட ஓராண்டுக்குள் உடன்பாடு எட்டப்படாவிட்டால் நடுவர் மன்றம் தானாகவே அமையும், அமையாவிடில் இந்தியத் தலைமை நீதிபதியே அதை அமைக்கலாம் என்று எழுதினால் போதும். நடுவர் மன்றத்தின் உறுப்பினர்களை முன்மொழிபவர் ஏற்கெனவே தலைமை நீதிபதிதான். சாவியை மட்டும் அவரிடம் தர வேண்டியிருக்கிறது.

இக்கோரிக்கையைக் கர்நாடகத்துக்கு எதிரானதாக யாரும் கொள்ள வேண்டியதில்லை; மகதாயி ஆற்றில் கர்நாடகம் கோவாவோடும், கிருஷ்ணா ஆற்றில் ஆந்திரத்தோடும் தெலங்கானாவோடும் இதே வாசலில்தான் நிற்கிறது. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு இருபுறமும் உள்ள வழக்கறிஞர் சங்கங்கள் இந்த ஒரு திருத்தத்துக்காகச் சேர்ந்து கையெழுத்திட்டுத் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அளிக்க வேண்டும் என்பதே இவ்வுரை இந்த அவையின் முன் வைக்கும் வேண்டுகோள். தமிழ்நாட்டின் கோரிக்கைக்குச் சட்டம் வகுத்த ஓராண்டு, 2020 நவம்பரோடு முடிந்துவிட்டது.